நான்காம் டிவிஷன் மாப்பிள்ளை

கடற்காற்றையும் கைதட்டலையும் ஒருசேர வாங்கிக்கொண்டு வீற்றிருக்கும் விழாத் தலைவர் திருநாவுக்கரசு அவர்களே! அவையை அலங்கரிக்கும் பெரியோர்களே! காலை ஆட்டத்துக்கு வந்து, கட்டுச்சோறு தீர்ந்தும் கலையாமல் காத்திருக்கும் தாய்மார்களே! கோப்பையை வென்ற கடப்பாக்கத்துக் காளைகளே! தோற்றும் துவளாத படூர்ப் பிள்ளைகளே! இந்தத் தாமோதரனின் தலைதாழ்ந்த வணக்கம்!

இன்று என் இங்கிலாந்துக்கார மருமகன் கிரெய்க்குக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. ஆனால் அவருக்குப் போட்ட நாற்காலி காலி. மாப்பிள்ளை எங்கே? அதோ, தாய்மார்களுக்குப் பின்னால் மணலிலே உட்கார்ந்திருக்கிறார். ஏன்? கோபம். யார் மேல்? என் மேல்!

என் தலைக்கு மேலே தொங்கும் பிளெக்ஸைப் பாருங்கள். 'இங்கிலாந்து கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன், உலகக் கோப்பை நாயகன்!' எழுதிக் கொடுத்தது யார்? அடியேன்தான். மதியம் என் மகள் ரோகிணி அதை அவருக்குப் படித்துச் சொன்னாள். "இன்னா மாமா இது? இது நான் இல்ல. மேடைக்கு நான் வர்ல" என்றார். ஞாயிறுதோறும் உங்களோடு ஆடிக் கற்ற தமிழிலேயே என்னை உரித்துவிட்டார்!

அப்படியானால் அவர் யார்? சொல்கிறேன். அவர் இங்கிலாந்து அணிக்கு ஆடியதே இல்லை. அந்த நாட்டில் மேலிருந்து நான்காவது படியில் ஆடும் அணி, நான்காம் டிவிஷன்! நடுக்கள ஆட்டக்காரர். பதினேழு ஆண்டு, நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம், ஒன்பது கோல்.

யாரது, என் தங்கை பார்வதமா? "இன்னா அண்ணாத்த, பதினேழு வருசத்துல ஒம்போதுதானா?" என்கிறாயா? சிரி தாயே, சிரி! பத்தாகியிருக்கும், கேள். ஒரு மழைநாளில் இவர் அடித்த பந்து கூட்டாளியின் முழங்காலில் பட்டு வலைக்குள் போனது. மறுநாள் பத்திரிகை அதை இவர் பேரிலே போட்டது. உடனே போனை எடுத்தார். "அது என் கோல் இல்லை, அவனுடையது, திருத்திப் போடுங்கள்" என்றார்! கோல் வேண்டும் என்று சண்டை போட்டவன் உண்டு. வேண்டாம் என்று சண்டை போட்டவன் உண்டா?

நடுக்களம் என்றால் என்ன வேலை? பந்தைப் பறிக்க வேண்டும், கொடுக்க வேண்டும், மறுபடி ஓட வேண்டும். கோல் அடித்தவனைத் தோளிலே தூக்குவார்கள். பந்தைக் கொடுத்தவன் மூச்சு வாங்கியபடி நடுக்கோட்டுக்குத் திரும்புவான். ஓராண்டு இவருடைய அணி ஐந்தாம் டிவிஷனுக்குச் சரிந்தது. மேல் டிவிஷனிலிருந்து இவருக்கு அழைப்பு வந்தது. போனாரா? போகவில்லை! முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடி, மறு ஆண்டே அணியை மேலே ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

இப்படிப்பட்டவரை நான் ஏன் பொய்யால் போர்த்தினேன்? நான் வேலை பார்த்த கல்பாக்கத்து ஆபீசிலே "மாப்பிள்ளை இன்னா பண்றாரு?" என்று கேட்டார்கள். நான்காம் டிவிஷன் என்று சொல்ல நாக்குக் கூசியது. வெட்கப்பட்டேன், ஐயா! முதலில் டிவிஷனை விழுங்கினேன். அப்புறம் கேப்டன் ஆக்கினேன். கடைசியில் கோப்பையையே வாங்கிக் கொடுத்துவிட்டேன்! கட்டிக்கொண்ட மகளுக்கு இல்லாத வெட்கம் கிழவன் எனக்கு எதற்கு?

மாப்பிள்ளை, தப்பு என்னுடையது. இத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். தம்பிகளே, அந்தப் பிளெக்ஸை இப்போதே அவிழ்த்துப் போடுங்கள்! கடப்பாக்கமே, நீ சொல்! கோப்பை வாங்காத, கொடி பிடிக்காத, கொடுத்துக் கொடுத்தே காலைத் தேய்த்துக்கொண்ட இந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தலாமா, கூடாதா?

அடேயப்பா, என்ன சத்தம்! பார்வதம் விசிலே அடிக்கிறாள்! எழுந்துவிட்டார்... வருகிறார்... வழி விடுங்கள் தாய்மார்களே, கால் வலிக்கும் அவருக்கு.

வாருங்கள் மாப்பிள்ளை. தலைவர் போர்த்துவார், இப்படி நில்லுங்கள். என்ன? மைக்கிலே சொல்லுங்கள்.

"தலைவர் வாணாம். நீ போடு மாமா."

கேட்டீர்களா? தலைவர் அவர்களே, மன்னித்து அந்தப் பொன்னாடையை என்னிடம் தாருங்கள். என் கையாலேயே போர்த்துகிறேன். இருந்து கேட்ட அத்தனை பேருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

கொஞ்சம் குனியுங்கள் மாப்பிள்ளை, எனக்கு எட்டவில்லை!