வலை அறைச் சுவிட்சு

சுவிட்சு மாற்றுவது பெரிய வேலை இல்லை சார். மெயினை அணைத்துவிட்டால் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம். பசியாவரத்தில் பாதி வீட்டுக்கு ஒயரிங் நான்தான். சீனு வேலையில் குறை என்று ஒருத்தர் சொல்ல மாட்டார், விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் பொன்னுரங்கத்தின் வீட்டுப் பின்பக்கம் வலை அறை இருக்கிறது. அங்கே இருந்தது எங்கள் நைனா காலத்துக் கறுப்புக் குமிழ் சுவிட்சு. ஏரிக்காற்றின் உப்பில் இரும்புப் பெட்டி அரித்துப்போய், தொட்டால் சுருக்கென்று பிடிக்கும். அதனால் யாரும் கையால் தொடுவதில்லை. பக்கத்து ஆணியில் வலை பின்னுகிற பிளாஸ்டிக் ஊசி ஒன்று தொங்கும். அதன் முனையால் தட்டித்தான் விளக்கைப் போடுவார்கள். ஆபத்தான சுவிட்சுதான், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. வருஷக்கணக்காக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பாடு பற்றிச் சொல்லாமல் மற்றது உங்களுக்கு விளங்காது. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்று ஊர் ஒரு முறை வைத்திருக்கிறது. அதற்குப் பெயர் பாடு. எங்கள் வீட்டுக்கு ஒரு பாடு. நான் மீஞ்சூருக்கு ஒயரிங் கற்றுக்கொள்ளப் போயிருந்த சமயத்தில் நைனா தவறிப்போனார், பாடு அண்ணன் கைக்குப் போய்விட்டது. திரும்பி வந்து முறையாகத்தான் கேட்டேன். ஒரு தடவை நீ போ, ஒரு தடவை நான் போகிறேன் என்றேன். அத்தனை வலைக்காரர்களையும் வைத்துக்கொண்டு அண்ணன் சிரித்தார்.

“ஒயர் புடிக்கிற கைக்கு வலை இன்னாத்துக்குடா?”

எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சண்டைக்காரன் இல்லை, பையை எடுத்துக்கொண்டு ஒயரிங் வேலைக்குப் போய்விட்டேன். அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அவருக்குப் பிறகு பாடு எனக்குத்தான் என்பது ஊருக்கே தெரியும்.

சுவிட்சை மாற்றிக்கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தது கோமளா அண்ணிதான். நல்ல வெள்ளைச் சுவிட்சாகப் பார்த்துப் பொன்னேரியில் வாங்கினேன். பெட்டி மட்டும் பழைய இரும்புப் பெட்டியே இருக்கட்டும் என்றேன். உள்ளே ஒரு ஒயரை, அது இருக்கக் கூடாத இடத்தில் விட்டேன். வெளியே பார்க்க வேலை சுத்தமாக இருந்தது. இருட்டு வேளையில் அந்த அறைக்குள் போகிறவர் அண்ணன் ஒருத்தர்தான், அதுவும் ஏரியிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்து வருவார். புறப்படும்போது ஆணியில் தொங்கிய ஊசியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புதுச் சுவிட்சுக்கு ஊசி எதற்கு.

ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. வலைக்காரன் இடுப்பில் எப்போதும் ஓர் ஊசி செருகியிருக்கும். ஒயர்க்காரன்தானே நான். விடியற்காலையில் அண்ணன் வருவார், பழக்கதோஷத்தில் இடுப்பு ஊசியை உருவிச் சுவிட்சைத் தட்டுவார், விளக்கு எரியும். பக்கத்து வீட்டில் படுத்தபடி அந்த வெளிச்சத்தைப் பார்ப்பேன். தினமும் அதுதான் நடந்தது.

அன்று சாயங்காலம் நல்ல மழை. அண்ணன் வீட்டில் நானும் அவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் இறால் கழுவிக்கொண்டிருந்த அண்ணி, கூடை எடுக்க வலை அறைக்குப் போனார். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

“ஆணில ஊசியக் காணமே. எங்கய்யா வெச்ச?”

“ஊசி இன்னாத்துக்கு? நம்ம சீனு போட்ட சுவிட்சு. பயப்படாம கை வெச்சுப் போடு.”

சொல்லிவிட்டு அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வேலையை அவர் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஊசி என் பையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நேரமும் இருந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே சார். டீ சூடாக இருந்தது, ஊதிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அண்ணன் ஏரியில் இறங்கவே இல்லை. அண்ணியின் காரியம் முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாடு இனி சீனுவுக்கு என்று அவரே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன்.

அந்த ஒயர் தானாகக் கழன்றது இல்லை என்று மின்வாரியத்துக்காரர் சொன்னாராம். தொழில் தெரிந்தவர், சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். என் பையில் ஊசி எதற்கு என்று கேட்டீர்கள். என் முறை வந்தபோது கிழிந்த வலையைப் பின்ன வேண்டியிருந்தது. அந்த ஊசிதான் கைக்கு வாகாக இருந்தது.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். அண்ணிக்கு நடந்தது விபத்து சார். அது அண்ணனுக்குப் போட்ட சுவிட்சு.