அலுமினியம் பிறந்த ஊர்

— சிரிக்காதேங்கோ கணபதி அண்ணை. நீங்கள் எனக்கு வித்த அலுமினியத் தகடு எந்த நாட்டில பிறந்தது? விளையாட்டுக்குக் கேக்கேல்லை.

— சிரிக்காம என்னா பண்றது ஜெயரூபி? இடம்பெயர்ந்து அலைஞ்ச காலத்தைக் கழிச்சாலும் இருவது வருசமா இந்த மாங்குளத்துல பழைய இரும்பு யாவாரம் பண்றேன். எடை சரியான்னு கேட்டிருக்காங்க. களவுச் சாமானான்னு பொலிசு கேட்டிருக்கு. ஒன் இரும்பு எங்க பொறந்துச்சுன்னு கேட்ட மொத ஆளு நீதாம்மா.

— நான் கேக்கேல்லை. அமெரிக்கா கேக்குது.

— அமெரிக்காவா? அட சாமி! என்னையவா?

— உங்களைத்தான். தண்ணீரூற்றில எங்கட பட்டறையில பதினொரு பொம்பிளையள் ரெண்டு மாசமாச் சுத்தியலால அடிச்ச தட்டம் நூற்றிருபது. உருக்கேல்லை, வார்க்கேல்லை. உங்கட தகட்டை வெட்டி, அடிச்சு வளைச்சது, அவ்வளவுதான். பின்னேரம் நாலு மணிக்கு லொறி கொழும்புக்கு வெளிக்கிடுது. இப்ப பார்த்து வாங்கிற ஆள் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். இந்த அலுமினியத்தை முதன்முதல் எந்த நாட்டில உருக்கினது எண்டு எழுதோணுமாம்.

— எழுதலைன்னா?

— அமெரிக்கா தவிர வேற நாட்டில உருக்கினதெண்டால் ஐம்பது வீதம் வரி. தெரியாதெண்டு எழுதினால் இருநூறு வீதம்.

— இருநூறா! தட்டத்தை விட வரி ரெண்டு மடங்கா!

— ஐம்பதெண்டாலே தனக்குக் கட்டாது, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார். எங்களுக்குக் கிடைச்ச முதல் ஓடர் அண்ணை. இது திரும்பி வந்தால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். அந்தப் பதினொரு பேரின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?

— சோத்துத் தட்டு மேல அவுங்களுக்கு ஏம்மா இத்தன கோவம்?

— கோவமில்லை. தேசியப் பாதுகாப்பாம். வெளிநாட்டு இரும்பும் அலுமினியமும் மலிவா வந்து குவிஞ்சால் அவையின்ர ஆலையள் பூட்டுப்பட்டுப் போகுமாம். பிறகு சண்டை எண்டு வந்தால், பிளேன் செய்யவும் கப்பல் கட்டவும் பிறத்தியாரிட்டக் கையேந்தோணுமாம்.

— நில்லு நில்லு. தேசியப் பாதுகாப்பா? இந்தப் பேச்ச நான் முன்னாடியே கேட்டிருக்கேனே! சண்டக் காலத்துல வவுனியா தாண்டி வர்றப்ப, செக்பொயிண்டுல. சைக்கிள் கரியர்ல ரெண்டு டோர்ச் பெட்டரி, ஒரு றாத்தல் ஆணி. தேசியப் பாதுகாப்பு, வன்னிக்குள்ள போகக்கூடாதுன்னு பறிச்சுப்புட்டாங்க. ஆணிய வச்சு நான் என்னாத்தப் பண்ணப் போறேன்? கோழிக்கூடு அடிக்கத்தான் வாங்கினேன்.

— அதே கதைதான் அண்ணை.

— அட சாமி! அம்மாம் பெரிய அமெரிக்காவும் தகட்டப் பாத்துப் பயப்படுதா! வெறும் குப்பையத்தான் விக்கிறேன்னு நெனச்சேன் இத்தன நாளா.

— எனக்கே பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லை. எல்லாத்தையும் முள்ளிவாய்க்கால் மணலுக்குள்ள விட்டிட்டு வந்தனான். என்னட்ட வந்து தகட்டுக்குப் பத்திரம் கேக்கினம் பாருங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. ஆரிட்ட வாங்கினனீங்கள்? கூரைத் தகடோ?

— கூரையில்லம்மா. அது ஒரு வள்ளம்.

— வள்ளமோ?

— ஆமா. ஊரெல்லாம் பைபர் வள்ளம் ஓட்டுறப்ப இது ஒண்ணு மட்டும் அலுமினியம். சுனாமிக்குப் பொறகு வெளிநாட்டுக்காரங்க யாரோ தருமமாக் குடுத்தது. கொக்கிளாயில கர மணல்ல பாதி பொதைஞ்சு கெடந்துச்சு. பரமலிங்கம்னு ஒரு பெரியவருதான் வித்தாரு. நானும் என் தம்பியும் நாலு நாளா நின்னு வெட்டினோம்.

— கொக்கிளாயில...

— ஏம்மா, என்னா?

— ஒண்டுமில்லை. அதில ஏதும் எழுத்து, முத்திரை இருந்ததோ?

— இருந்துச்சே! வள்ளத்து மூக்குல ஒரு சின்னத் தகடு, இங்கிலீசு எழுத்து. அழகா இருந்துச்சுன்னு கழட்டியாந்து பிள்ளையார் படத்துக்குக் கீழ வச்சிருக்கேன்.

— ஐயோ அண்ணை! அதை முதல்லயே சொல்லுறதுக்கென்ன? எடுங்கோ, கெதியா எடுங்கோ.

— இந்தா. என்னாம்மா, சாமி படத்துக்கிட்ட இருந்த சாமானப் போயி இடக்கையில வாங்குற?

— குறை நினையாதேங்கோ. வலக்கை விரல் மடங்காது. உள்ளங்கைக்குள்ள ஷெல் துண்டு. எக்ஸ்ரே எடுத்த வவுனியா டொக்டர் சிரிச்சவர். துண்டுக்கு நடுவில வட்டமா ஒரு ஓட்டை தெரியுதாம். ஷெல் துண்டுக்கு ஆரம்மா துளை போட்டது எண்டு கேட்டார். நரம்போட கிடக்கு, எடுக்க ஏலாதெண்டு விட்டிட்டினம். அதை விடுங்கோ. தகட்டை வாசிப்பம்.

— என்னா போட்டிருக்கு?

— பொறுங்கோ, துடைக்கிறன்... கொம்பனியின்ர பேர். வருசம் ரெண்டாயிரத்து அஞ்சு. கீழ... அண்ணை!

— சொல்லும்மா!

— 'அமெரிக்காவில் உருக்கி வார்த்த அலுமினியத்தால் அமெரிக்காவிலேயே செய்தது.' அண்ணை, அவையின்ர உலோகமெண்டால் அந்த வரியே இல்லை! ஒரு சதமும் இல்லை!

— அட சாமி... அவன் தருமமா அனுப்பின வள்ளம், தட்டமா மாறி அவன் வீட்டு மேசைக்கே போகுதா! எத்தன கடலு, எத்தன சுத்து!

— நில்லுங்கோ, ஃபோனில ஒரு படம் எடுத்து அனுப்புறன்.

— ஆனா தங்கச்சி, ஒரு மூலை இல்லையே. மூணு மூலையிலயும் ஆணி ஓட்டை இருக்கு, நாலாவது மூலை பிஞ்சு போயிருக்கு. ஒடஞ்ச பத்திரம்னு தள்ளிருவாங்களோ?

— எழுத்து முழுசா இருக்கு, அது காணும். மூலையை நீங்களோ உடைச்சது?

— சாமி சத்தியமா இல்ல. கழட்டுறப்பவே அப்புடித்தான். கடைசிச் சண்டையில முள்ளிவாய்க்கால்லேர்ந்து சனத்தை ஏத்திக்கிட்டு வந்த வள்ளமாம் அது. வழியில மூக்குக்கிட்ட ஷெல் விழுந்து சிதறிருக்கு. ஓட்டின பையன் அதுலயே போயிட்டான். பரமலிங்கமும் அதுலதான் வந்தாரு. பத்தொம்பது பேரு கொக்கிளாயில கரை சேந்தோம்னு சொல்லி அழுதாரு மனுசன்.

— இருபது.

— என்னாது?

— இருபது பேர் அண்ணை. என்ர மடிக்குள்ள கிடந்த கைக்குழந்தை பிரேமிளாவை ஒருத்தரும் எண்ணேல்லை.

— ஜெயரூபி... நீயா? அந்த வள்ளத்துலயா வந்த?

— நான் வள்ளத்தைப் பார்க்கேல்லை. குனிஞ்ச தலை நிமிரேல்லை. முன்னுக்கு இருந்து, ஏதோ ஒரு தகட்டின்ர விளிம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். இந்த வலக்கையால.

— அட சாமி... அப்ப அந்தப் பிஞ்ச மூலை...

— அந்த மூலை தொலையேல்லை அண்ணை. ஷெல் துண்டு, ஷெல் துண்டெண்டு பதினாறு வருசமாத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான். இஞ்ச, என்ர உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கோ. நாலாவது ஆணி ஓட்டை.