மாறாமல் நின்ற கட்டம்

— இப்பப் பாரு தங்கப்பாண்டி. லிஸ்ட்ல சிம்ரன்னு இருக்குற பேர அமுக்குறேன். மேல பேரு மாறிருச்சு. கீழ ரத்த டெஸ்ட்டு ரிசல்ட்டுக் கட்டம் அப்படியே நிக்குது.

— பொறுங்க அனுசுயாக்கா, இன்னொருக்கா அமுக்குங்க. ஆமா, மாறல.

— நீதான எழுதுன இந்தப் புரோகிராம?

— நான்தான். கோடிங்ல ரெண்டு கட்டத்தையும் சேத்துக் கட்டிவிட்டிருந்தேன். இங்கன ஆளு மாறுனா அங்கன ரிசல்ட்டும் தானா மாறணும். திங்கக்கெழம புது ஸ்கிரீன் போட்டேன்ல, அதுல பேர மட்டும் கட்டிட்டு ரிசல்ட்ட விட்டுட்டேன்.

— அப்ப நேத்து நான் பாத்தது?

— அதுக்கு முன்னாடி தொறந்த ஆளோட ரிசல்ட்டு.

— அடி ஆத்தா. நேத்து ஜீப் டிரைவரு விஜயபாண்டி வந்தாக. இதப் பாத்துத்தான தம்பி, எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லி அனுப்புனேன்.

— பொறுங்க. உள்ள டேட்டா சரியாத்தான் இருக்கும், நேரா எடுக்குறேன். விஜயபாண்டி... நெகட்டிவ். அவருக்கு ஒன்னுமில்லக்கா.

— நாளைக்கு வாங்க, இன்னொரு டெஸ்ட் எடுக்கணும்னேன். காதுல வாங்கல. வாசல்ல கெடந்த செருப்பக்கூட மாட்டாம வெறுங்காலோட போனாக.

— போன் போட்டீகளா?

— போட்டேன், எடுக்கல. ஸ்டாண்டுல கேட்டா, கம்பம் மெட்டுப் பாதைல ஜீப்பு தனியா நிக்குதுங்குறாக. பள்ளத்த ஒட்டி ஒரு வளைவு வரும்ல, அங்கன.

— அழாதீக. நம்பரச் சொல்லுங்க, என் போன்ல போடுறேன்.

— இந்தா, என் போன்ல இருக்கு, நீயே பாத்து அமுக்கு.

— ரிங் போகுது... எடுக்கல.

— விடாத. திரும்பப் போடு.

— போகுது... அலோ, விஜயபாண்டியண்ணனா? ஆசுபத்திரில இருந்து பேசுறோம். அக்கா, ஆளு இருக்காக. இந்தாங்க.

— அண்ணே, லேப் அனுசுயா. எங்கன இருக்கீக?

— வளைவுல உக்காந்திருக்கேன் சிஸ்டரு.

— ரோட்டுப் பக்கம் தள்ளி வாங்க. ஒங்களுக்கு நோயி இல்ல. கம்ப்யூட்டரு வேற ஆளு ரிசல்ட்டக் காட்டிருச்சு. தப்பு எங்க மேலதான். கேக்குதா?

— கேக்குது.

— ஒங்களுக்கு ஒன்னுமே இல்லண்ணே. வீட்டுக்குப் போங்க, ஒங்க சம்சாரம் முருகம்மா தேடும்.

— அவ வீட்டுல இல்ல. புள்ளையத் தூக்கிக்கிட்டு கடமலைக்குண்டுக்குப் போயிட்டா, அவ அண்ணன் வீட்டுக்கு.

— எதுக்கு?

— இந்த நோயி எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிஸ்டரு. சாகத்தான போறோம்னு, குமுளில ஒருத்தி வீட்டுக்குப் போயி வந்தத ஒன்னு விடாம சொல்லிட்டேன்.

— நான் வர்றேண்ணே. ரிசல்ட்டு தப்புன்னு நானே முருகம்மாகிட்ட சொல்லுறேன்.

— ரிசல்ட்டு தப்பு சிஸ்டரு. நான் சொன்னது நெசந்தான?