மார்கழிக்குள்ள மாடிக்கு ஆள் வரணும்

உப்புத்தண்ணின்னு சொல்லிட்டுப் போனாரு தம்பி, மாடியில குடியிருந்த அந்த மனுசன்! உப்புத்தண்ணி! இப்பத்தான நீ ஒரு சொம்பு குடிச்ச, நீயே சொல்லு, கரிக்குதா? ...கரிக்கலைல்ல? பெறகு? காலி பண்றவங்க காலி பண்ணிட்டுப் போகட்டும், யாரு வேண்டாங்கிறா. போறப்ப வீட்டு மேல எதுக்குப் பழியப் போட்டுட்டுப் போகணும்? பாத்து ஏறு சாமி, அந்த வளைவுல படி கொஞ்சம் ஒசரம். கைப்பிடியப் பிடிச்சுக்க.

இந்தா, இதான் வீடு. ஹாலு, அடுப்படி, ரெண்டு ரூமு. கெழக்கப் பாத்த வாசல். ஜன்னலத் தொறந்தா எப்பிடிக் காத்து வருது பாத்தியா? ஆனையூர்ல இந்தக் காத்துக்கே தனியா வாடகை வாங்கலாம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு. நீ இப்ப பழங்காநத்தத்துல இருக்கன்னேல்ல? அங்க ஜன்னலத் தொறந்தா பக்கத்து வீட்டு அடுப்படிதான தெரியும். ம்ம், அதான். பேரு என்னா சொன்ன? அழகுராஜா. நல்ல பேரு. கல்யாணம் முடிஞ்ச கையோட வீடு பாக்குற. முருகன் அனுப்பித்தான் நீ வந்துருக்க, சத்தியமாச் சொல்றேன்.

ஏன்னா நாளன்னைக்கு மார்கழி பொறந்துருது பாத்துக்க. மார்கழில யாரு பால் காய்ச்சிக் குடி வருவா? ஒருத்தரும் வர மாட்டாங்க. அதுக்குள்ள மாடிக்கு ஆள் வரலைன்னா, என் கிட்டாரத் தூக்கிக் கொண்டுபோயி திருமங்கலத்துல மக வீட்டுல போட்டுருவேன்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு. மக ரோகிணி வீட்டுல போட்டா என்னா ஆகும்? அவ அதுல துணி காயப்போடுவா.

ஆமாப்பா, கிட்டாருதான். ஏன் அப்பிடி முழிக்கிற? நான்தான் வாசிக்கிறேன். கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருசம் முடிஞ்சு போச்சு.

அது ஒரு கூத்து. எங்க மகன் சிவக்குமாரு காலேசு படிக்கிறப்ப அடம்பிடிச்சு வாங்குனது. ஒரு வாரம் டொய்ங் டொய்ங்குன்னான், பெறகு பீரோவுக்குப் பின்னாடி சாத்திட்டான். இப்ப கோயமுத்தூர்ல வேல, குடும்பம். போன வருசம் சரஸ்வதி பூசைக்கு ஒட்டடை அடிக்கிறப்ப அது கையில வந்துச்சு. தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, அருவாமனை, டெஸ்டரு, அவரோட ஸ்பேனரு, அதுகளோட இதயும் பூசையில வச்சுட்டேன். மறுநா விசயதசமி. பூசையில வச்சத எடுக்குறப்ப, அத வச்சு ஒரு வேலையாவது செஞ்சுதான எடுக்கணும்? அருவாமனையில காய் நறுக்கிட்டேன். அவரு ஸ்பேனர வச்சு ஒரு நட்ட முடுக்கிட்டாரு. கிட்டாருக்கு என்னா செய்ய? மகன் ஊர்ல இல்ல. சரின்னு நானே மடியில வச்சு ஒரு தட்டுத் தட்டுனேன். ஆத்தி! நெஞ்சுக்குள்ள போயி அடிச்சுச்சு தம்பி அந்தச் சத்தம். பிள்ளைக பொறந்தப்ப மொத மொத அழுகச் சத்தம் கேட்டேன் பாரு, அதுக்கப்புறம் இதான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அந்தப் பூசையில திருஷ்டிக்கு வச்ச எலுமிச்சம்பழம் ஒண்ணு கிட்டாரு ஓட்டைக்குள்ள விழுந்துருச்சு. அப்ப ரெண்டு கம்பி அறுந்து கெடந்துச்சா, அந்த வழியாப் போயிருச்சு. புதுக்கம்பி மாட்டுன பெறகு வெளிய வர மாட்டேங்குது. காஞ்சு கல்லாட்டம் ஆகி, தூக்குனா கடகடன்னு உருளுது. இருந்துட்டுப் போகட்டும், கண்ணு படாதுல்ல.

அந்த ரூமப் பாக்குறியா? பாரு, பாரு. சுவத்துல ஆணி அடிக்கணும்னா தாராளமா அடிச்சுக்க.

பக்கத்துத் தெருவுல பவதாரிணின்னு ஒரு பிள்ள, அதுதான் எனக்கு டீச்சரு. என் மகள விடச் சின்னது. தங்கமான பிள்ள, ஒரு வார்த்த திட்டாது. நான் தப்பா வாசிச்சா தண்ணி குடிக்கும், அம்புட்டுத்தான். ஒரு பாடம் முடியிறதுக்குள்ள ஒரு பாட்டில் காலியாயிரும். மொத மாசமெல்லாம் வெரல் நுனி பூராம் கொப்பளம். இடதுகையில ஒரு டம்ளரப் பிடிக்க முடியல. தேங்கா எண்ணெயும் மஞ்சளும் கொழச்சுத் தடவிக்கிட்டு வாசிச்சேன், கம்பி வழுக்குது. அந்தப் பிள்ள மோந்து பாத்துட்டு, "அம்மா, கிட்டாருல தாளிச்சீங்களா"ன்னு கேக்குது! இப்ப வெரலெல்லாம் காச்சுப் போச்சு. சூடான தோசக்கல்லத் துணியில்லாமத் தூக்குவேன், தெரியுமா? ஒரு வருசத்துல நான் கண்ட முன்னேத்தத்துல மொதல்ல இதச் சொல்லணும்.

அடுத்தது கார்டு. அதாவது ரெண்டு மூணு வெரல ஒரே நேரத்துல ஒவ்வொரு கம்பியில வச்சு அமுக்குறது. மூணு கத்துக்கிட்டேன். ஜி, சி, டி. தனித்தனியா வாசிச்சா நல்லா வருது, பவதாரிணியே சொல்லிருச்சு. ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு வெரலு போயிச் சேர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாகுது. அதுக்காகப் பாட்டப் பாதியில நிறுத்த முடியுமா? "முருகாஆஆஆ"ன்னு இழுத்துக்கிட்டே இருப்பேன். அவரு உள்ள படுத்துக்கிட்டே, "விடுடீ, முருகன் பழனியிலருந்து நடந்தே வந்து சேந்துருவான்"ங்கிறாரு. வரட்டுமே! வந்தா நல்லதுதான?

நான் பத்தாவது கூடத் தாண்டல தம்பி. ஆனா எந்த வித்தையா இருந்தாலும் பிரம்ம முகூர்த்தத்துல பழகுனாத்தான் நிக்கும்னு எனக்குத் தெரியும். கருக்கல்லயே எந்திரிச்சு, தலைக்கு ஊத்தி, வெளக்கேத்திட்டுக் கிட்டார எடுத்துருவேன். வீட்டுக்குள்ள வாசிக்கக் கூடாதுன்னு அவரு உத்தரவு. பஸ்சு டிரைவரு, ஆயுசு பூராம் ஏர்ஹாரன் அடிச்ச மனுசன், இந்தச் சத்தந்தான் அவருக்குக் காதக் குத்துதாம்! அதனால மாடிப்படி வளைவுல, நீ கைப்பிடியப் பிடிச்சேல்ல, அங்கனதான் உக்காருவேன். சத்தம் கும்முன்னு மேல ஏறும். கோயிலுக்குள்ள வாசிச்ச மாதிரியே இருக்கும்.

...என்னாப்பா, எதுக்குப் படிய எட்டி எட்டிப் பாக்குற? கதையக் கேளு.

இந்த மாடியில மொத மொத ஒரு வாத்தியாரு குடும்பம் இருந்துச்சு. நல்ல சனங்க. திடீர்னு ஒருநா, மாத்தலாயிருச்சுங்கிறாரு. எந்த ஊருக்குன்னு கேட்டா மென்னு முழுங்குறாரு. பெறகு காய்கறிக் கடையில அவரு சம்சாரத்தப் பாத்தேன், அடுத்த தெருவுலதான் குடியிருக்காங்க! ஆனையூர்லருந்து ஆனையூருக்கே மாத்தலு வாங்குன வாத்தியார நான் இப்பத்தான் பாக்குறேன்.

அதுக்கப்புறம் வந்தவருதான் அந்த உப்புத்தண்ணி. அரிசிக்கடை வச்சிருக்காரு. ஒருநா நான் படியில உக்காந்து டி-யில வெரல வச்சுக்கிட்டு இருக்கேன், மேலயிருந்து லுங்கியோட இறங்கி வாராரு. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. கையெடுத்துக் கும்பிட்டு, "அக்கா, தண்ணி உப்பு, நாங்க காலி பண்றோம்"ங்கிறாரு. இந்நேரத்துல எதுக்குய்யா தண்ணி குடிச்சன்னு கேட்டேன். இன்னொரு கும்பிடு போட்டுட்டு மேல ஏறிட்டாரு.

கடைசியா வேலைக்குப் போற பயலுக மூணு பேரு. அதுல ராஜபாண்டின்னு ஒருத்தன், என்னய அம்மா அம்மான்னே சுத்தி வருவான். அவன் ஒருநா நடுங்கிக்கிட்டு வந்து சொல்றான், "அம்மா, இந்த வீட்டுல பேய் இருக்கு. விடியிறதுக்கு முன்னாடி மண்ட ஓடு உருளுற மாதிரி கடகடங்குது, பெறகு ஒரு பொம்பள இழுத்து இழுத்து அழுகுறா"ன்னு. எனக்கு மனசு கேக்கல. பிள்ளைக்கு விபூதி பூசி, கையில கயறு கட்டிவிட்டு, நீ பயப்படாதப்பா, நாளையிலருந்து நான் இன்னுங் கொஞ்சம் வெள்ளன எந்திரிச்சு, உன் கதவு கிட்டயே உக்காந்து சாமி பாட்டு வாசிக்கிறேன்னேன். அப்பிடித்தான் வாசிச்சேன். ரெண்டே நாள்ல வாளியக் கூட எடுக்காம ஓடிட்டாய்ங்க. அந்தா கெடக்கு பாரு, பச்ச வாளி. நீ வேணும்னா வச்சுக்க.

எங்க கெளம்புற? போனு வந்துருச்சா? அடிக்கவே இல்லையேப்பா, காதுல வக்கிற! சத்தம் வராத மாதிரி வச்சிருக்கியா... சரி, பேசு பேசு. பேசிட்டியா? இம்புட்டுச் சீக்கிரமா? அப்ப ஒரே ஒரு பாட்டுக் கேட்டுட்டுப் போ. நானே கட்டுனது. கிட்டாரு இந்தா, கதவுக்குப் பின்னாடிதான் இருக்கு. உக்காரு, அந்த வாளியக் கவுத்திப் போட்டு உக்காரு. ஒரு வருசமா வாசிக்கிறேன், ஒரு பாட்ட முழுசா உக்காந்து கேட்ட ஆள் கெடையாது தம்பி. நான் கண்ண மூடித்தான் வாசிப்பேன், இல்லைன்னா எனக்குப் பாட்டு வராது.

"முத்துமாரித் தாயேஏஏஏ..." இரு, இந்த மோதிர வெரலு... "ஏஏஏஏஏ..." ம், வந்துருச்சு. "முன்ன வந்து நில்லுஊஊஊ..." சி-க்குப் போறேன்... "ஊஊஊஊ..." இப்ப டி வரும் பாரு, அதான் நல்லா இருக்கும்... "பக்கத்துல நின்னு ஒரு வார்த்தையாச்சும் சொல்லூஊஊ..."

எப்பிடி இருக்கு? ...தம்பி? ...ஏ தம்பி? அடுப்படியிலயா இருக்க? ...பாத்ரூமுலயும் இல்ல...

ஆத்தி, கீழ வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கிறான்! ஏ ராசா! எதுக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணாம உருட்டுற? பெட்ரோலு இல்லையா? ...நில்லுப்பா! விடியக்காலம் வாசிக்க மாட்டேன்! ஆறு மணிக்கு மேலதான் எடுப்பேன்! ...சரி, ஏழு! ...எல்லாந் தெரியும் சாமி, எனக்கு என்னா புத்தியா இல்ல? வாத்தியாரு எதுக்குப் போனாருன்னுந் தெரியும், அந்தப் பயலுக எந்தப் பேயக் கேட்டு ஓடுனாய்ங்கன்னுந் தெரியும். மனசுதான் ஒத்துக்க மாட்டேங்குது. பிள்ளைகளுக்குன்னு கேக்காம, எனக்குன்னு இது ஒண்ணுதான் ஆசப்பட்டேன்... அது கெடக்கட்டும், நீ ஆபீசுக்குப் போன பெறகுதான் தொடுவேன்! உன் காதுலயே விழாது! மீனாச்சி மேல சத்தியம்!

நின்னுட்டான்... முருகா... ஹெல்மெட்டு மாட்டத்தான் நின்னியா? ...இல்ல, கழட்டுறான், கழட்டுறான்!

என்னா? சத்தமாக் கேளு! ஞாயித்துக்கெழமையா? அன்னைக்குத் தொடவே மாட்டேன்! பண்டிகை நாளா? உனக்கு லீவுன்னா கிட்டாருக்கும் லீவு! வா வா, வண்டிய நெழல்ல விட்டுட்டு மேல வா. நாளைக்கே பால் காய்ச்சிரு, பாலு நானே வாங்கி வச்சுர்றேன். மெதுவா ஏறு, மூச்சு வாங்குது பாரு.

நல்லா இருப்ப. என் கிட்டாரக் காப்பாத்திட்ட. ஆமா, கேக்கவே மறந்துட்டேன், உன் வீட்டுக்காரி எங்க வேல பாக்குது? ...வீட்டுலயேவா? ...கம்ப்யூட்டர்லயா? காலையிலருந்து சாயங்காலம் வரைக்குமா? ...போன்ல பேசிக்கிட்டே பாக்குற வேலையா?

ம்ம்.

சரி. சரிப்பா. சத்தியம் பண்ணுனது பண்ணுனதுதான், அந்தப் பிள்ளைக்குஞ் சேத்துத்தான். விடியக்காலம் நீ தூங்குவ, பகல்ல அது பேசும், சாயங்காலம் ரெண்டு பேரும் இருப்பீங்க.

ஏன் தம்பி... மத்தியானம் அந்தப் பிள்ள போன வச்சுட்டுச் சாப்புட உக்காரும்ல? மெதுவாத்தான சாப்புடும்?