கவிழ்த்த படகின் வடிவில் ஒரு பேருந்து நிலையம்

தலைமை நாற்காலிக்குத் தம் புன்னகையால் பொலிவு சேர்த்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் திரு. சகாதேவன் அவர்களே! காலைப் பூசை முடித்த கையோடு வந்து முன்வரிசையில் வீற்றிருக்கும் பங்குத் தந்தை அவர்களே! கோட்டக்குப்பத்திலிருந்து வாழ்த்த வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! பிரம்மதேசத்து உழவர்களே! வெயிலை வெள்ளையாக விளைவிக்கும் உப்பளத் தோழர்களே! அலையோடு தினமும் வாதாடி வென்று வரும் மீனவச் சகோதரர்களே! எல்லோருக்கும் மேலாக, இடுப்பில் பிள்ளையும் தலையில் கூடையுமாக நின்றுகொண்டே என் பேச்சைக் கேட்க இசைந்த தாய்மார்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்தத் திறப்பு விழா உரையை எழுதி எழுதிக் கிழித்தேன். மிஞ்சியதைக் கொண்டு வந்திருக்கிறேன். ஓவிய ஆசிரியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாழ்நாளெல்லாம் கரும்பலகையைப் பார்த்தே பேசியவன். முகங்களைப் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை. என்ன தம்பி? திரும்பி நின்றே பேசலாமா? நன்றி. ஆனால் ஒலிபெருக்கி இந்தப் பக்கம் இருக்கிறதே!

பெரியோர்களே, ஓர் ஊருக்கு நடு எது? அளந்து சொல்ல முடியுமா? கோயிலா? தேவாலயமா? கடைத்தெருவா? எனக்குத் தெரிந்தவரை, அது ஒரே இடத்தில் நின்றதில்லை. உப்பு படகில் போன காலத்தில் பக்கிங்காம் கால்வாய்த் துறைதான் மரக்காணத்தின் நடு. அங்கே மூட்டை இருந்தது, முறுக்கு விற்றவள் இருந்தாள், சண்டை இருந்தது, சமாதானமும் இருந்தது. பிறகு மாட்டு வண்டிகள் வந்தன; நடு புளியமரத்தடிக்கு நகர்ந்தது. இன்று பேருந்து வந்திருக்கிறது. கால்கள் எங்கே கூடுகின்றனவோ, அங்கேதான் ஊரின் நடு. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் இங்கே கூடியிருக்கும் கால்களைப் பார்த்தால், தவறில்லை என்றே தோன்றுகிறது!

முன்பு உப்பைக் குவித்து வைத்த பழைய அம்பார மேட்டைச் சமன்செய்து, பேருந்து நிலையமும் கடை வரிசையும் அமைப்பது என்று மன்றம் முடிவு செய்தது. படம் வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வரைந்தேன். ஆனால் மேட்டைச் சுற்றி இருந்த கடைகள் பிரிந்தால்தானே வேலை தொடங்கும்? யார் முதலில் பிரிப்பது? எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். படத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அப்போது ஆராயி அம்மாள் வந்தார். உப்பள வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடியலில் தேநீரும் இட்லியும் தருகிறாரே, அவர்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்:

“வாத்தியாரே, இந்தப் படத்துல என் கடை எங்க?”

பென்சிலால் ஒரு கட்டத்தைக் காட்டினேன்.

“இவ்ளோண்டா? இதுல அடுப்பு நிக்குமா, நான் நிப்பனா?”

“பெரிதாகத்தான் இருக்கும் அம்மா. படத்தில்தான் சிறிது.”

“சத்தமா சொல்லுங்க. நாலு பேரு காதுல வுழட்டும்.”

சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. மறுநாள் காலை, தம் கடையின் கீற்றைத் தம் கையாலேயே பிரித்தார். புளியமரத்தடியில் ஒரு வாளி அடுப்போடு போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். ஒரு மனுஷி என் பென்சில் கோட்டை நம்பிக் கூரையை இறக்கிவிட்டார். அந்தப் பாரம் அன்று முதல் என் தூக்கத்தில் இருந்தது.

மழைக்காலம் நெருங்கினால் அளத்தில் வேலை இல்லை அல்லவா? அளத்து மேஸ்திரி சவரிநாதன் தம் ஆட்களோடு வந்தார். “கூலி வேணாம், நம்ம ஊருக்குத்தான” என்று இறங்கினார்கள். வெட்டினார்கள், கொட்டினார்கள், வரிசையாக நின்று மிதித்தார்கள், பலகை இழுத்தார்கள். ஆகா, அந்தத் தரையைப் பார்த்திருக்க வேண்டும்! கண்ணாடி தோற்றது! சுற்றிலும் கரை கட்டி, ஓரத்தைத் தட்டி, ஒரு மேடு பள்ளம் இல்லாமல் முடித்துக் கொடுத்தார்கள். நான் கைதட்டினேன். தலைவரும் தட்டினார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது.

சிரிக்கிறீர்கள்! அன்று நீங்கள் சிரிக்கவில்லை! காலையில் வந்து பார்த்தால், பேருந்து நிலையம் முழுக்கத் தண்ணீர். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? பரம்பரை பரம்பரையாகத் தண்ணீரை நிறுத்தி வைக்கப் பழகிய கைகள், பழகியதைச் செய்துவிட்டன. அவர்கள் கட்டியது பேருந்து நிலையம் அல்ல, அருமையான உப்புப் பாத்தி!

ஆராயி அம்மாள் கரையில் நின்று சொன்னார்: “மேஸ்திரி, இன்னும் கொஞ்சம் கடத்தண்ணி வுட்டா பங்குனியில உப்பு வாரிடலாம்.”

“சும்மா இரு ஆராயி, நானே நொந்து போயிருக்கறன்” என்றார் சவரிநாதன்.

அந்த நேரம் பார்த்துத்தானா மாவட்டப் பொறியாளர் வரவேண்டும்? வந்தார். பார்த்தார். நல்லவர், அதட்டவில்லை. “அடுத்த முறை நான் வரும்போதும் நீர் நின்றால், நிலையத்தைத் திண்டிவனம் சாலையில், ஊருக்கு வெளியே மாற்றத்தான் எழுத வேண்டும்” என்றார். அவர் போனதும் ஆராயி அம்மாள் என்னைத்தான் பார்த்தார். “அங்க காக்காகூட டீ குடிக்க வராதே வாத்தியாரே” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நடுவை உயர்த்தி இருபுறமும் சரித்தால் போதும். படம் வரைந்து காட்டினேன். தலையாட்டினார்கள், தொடங்கினார்கள். ஆனால் நடுவில் சிறு மேடு எழுந்தாலே, சவரிநாதனின் கால் தானாகப் போய் அதை மிதித்துவிடும்!

“மேஸ்திரி, காலத் தூக்குங்க!” என்று பெண்கள் கத்துவார்கள்.

“நானா மிதிக்கறன்? காலு மிதிக்குது!”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீனவர் தங்கராசு சொன்னார்: “ஏம்பா மேஸ்திரி, எங்க பழைய படக நடுவுல கவுத்துப் போடறோம். அத எப்படி மிதிப்ப, பார்க்கலாம்!”

கேலிக்குச் சொன்னார். சொன்னபடி செய்தும்விட்டார்கள்! மீனவர் குப்பத்து ஆண்கள் படகைத் தோளில் தூக்கி, பாட்டுப் பாடிக் கடைத்தெரு வழியே கொண்டு வந்தார்கள். நடுவில் கவிழ்த்தார்கள். அதன் முதுகைப் பார்த்துப் பார்த்து அளத்துக்காரர்கள் மண்ணைச் சரித்தார்கள். ஓரிடம் முடிந்ததும் படகை நகர்த்தினார்கள். கடலும் அளமும் ஒரே மண்ணில் வியர்வை சிந்தின. என் படம் சொல்ல முடியாததை, அந்தப் படகின் முதுகு சொல்லிக்கொடுத்தது.

பொறியாளர் மீண்டும் வந்தார். படகு இன்னும் அங்கேயே கிடந்தது. “இது பேருந்து நிலையமா, துறைமுகமா?” என்றார். “வெயில் அடிக்கிறது. நீர் நிற்காது என்று எப்படி நம்புவது?” என்றார்.

ஆராயி அம்மாள் எழுந்தார். தேநீர்க் குவளை கழுவிய வாளியைத் தூக்கி வந்தார். நடு மேட்டில் கவிழ்த்தார்.

பெரியோர்களே! அந்தத் தண்ணீர் ஒரு கணம் அப்படியே நின்றது. எங்கள் மூச்சும் நின்றது. பிறகு இரண்டாகப் பிரிந்தது. நடந்தது. ஓடியது! ஒரு கிளை வடிகாலுக்கு. இன்னொரு கிளை நேராகப் பொறியாளரின் காலணிக்கு!

அவர் குனிந்து நனைந்த காலைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். “இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம். ஒரு டீ கொடுங்கள் அம்மா” என்றார்.

கைதட்டுங்கள், தட்டுங்கள்! அந்தச் சிரிப்புக்குத்தான் தட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நகரங்கள் வளரட்டும்! நடுக்கள் நகரட்டும்! நாளை நம் ஊர் இன்னும் பெருகும். இந்த நிலையமும் போதாமல் போகும். வேறொருவர் வேறொரு படத்தை விரிப்பார். விரிக்கட்டும்! மாற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். எதற்கெடுத்தாலும் அஞ்சும் நானே சொல்கிறேன்! ஆனால் அந்தப் படத்தின் முன்னால் ஒருவர் வந்து நின்று, “இதுல என் கடை எங்க?” என்று கேட்கட்டும். பதில் இருந்தால் இடியுங்கள், எழுப்புங்கள், ஏற்றம் காணுங்கள்! பதில் இல்லையென்றால், அய்யா, படத்தைச் சுருட்டுங்கள்! மறுபடி வரையுங்கள்! அழகான கோடுகளால் அமைவதில்லை ஊர். ஆளுக்கோர் இடம் உண்டென்று உரக்கச் சொல்லும்போது அமைவது ஊர்!

ஓட்டுநர் ஒலி எழுப்புகிறார். பேருந்து வாசலில் நிற்கிறது. என் பேச்சுதான் வழியை மறிக்கிறது. தலைவர் அவர்களே, ஒரு விண்ணப்பம். அந்தக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுங்களேன். நாடா வேண்டாம். ஆராயி அம்மாள் தண்ணீர் ஊற்றித் திறக்கட்டும். என்ன சொல்கிறீர்கள்? சம்மதமா! தலைவருக்கு என் நன்றி. பாருங்கள், அவரே நாடாவை அவிழ்க்கிறார்!

வாருங்கள் அம்மா. என்ன கேட்கிறார்? “நல்ல தண்ணியா, கிளாஸ் கழுவுன தண்ணியா?” எதுவானாலும் சரி. ஊற்றுங்கள்.

அதோ, ஓடுகிறது! முன்வரிசையில் இருப்பவர்கள் கால்களைத் தூக்கிக்கொள்ளுங்கள்!

மண் சுமந்த கைகளுக்கும், படகு சுமந்த தோள்களுக்கும், கூரையை இறக்கிய அந்த நம்பிக்கைக்கும் என் நன்றி. இந்த நடுக்கக் குரலைப் பொறுத்துக்கொண்ட உங்கள் செவிகளுக்கும் நன்றி. வரிசையில் முதல் கடை ஆராயி அம்மாளுடையது. அடுப்பு அதில் நன்றாகவே நிற்கிறது, அவரும் நிற்கிறார்; நான் காலையில் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே எல்லோரும் ஒரு குவளை தேநீரோடு சந்திப்போம்.

ஓட்டுநரே, உள்ளே வாருங்கள். வணக்கம்!