ரண்டு மணிக்கு எடுக்கினம்

— இப்ப அடிச்சதோ கலா தங்கச்சி?

— இல்லை தில்லையண்ணை. அடிச்சால் உங்களுக்குக் கேளாதே? காதுக்குக் கிட்டத்தானே வைச்சுக்கொண்டிருக்கிறியள்.

— சார்ஜ் கிடக்கோ?

— நிறையக் கிடக்கு. வயரும் குத்தித்தான் இருக்கு. உதைத் திருப்பித் திருப்பிப் பாக்காதேங்கோ, கையெல்லாம் வேர்வை. போன் இல்லாத, வீடு இல்லாத நாப்பத்தொரு பேருக்கு உது ஒண்டுதான் கிடக்கு. உதுவும் பழுதாப் போச்செண்டால் எல்லாரும் என்னைத்தான் பிடிப்பினம்.

— கோவிக்காதேங்கோ.

— கோவிக்கேல்லை, சிரிப்பாக் கிடக்கு. சேவ் எடுத்து, தலைக்கு எண்ணெய் வைச்சு, வெள்ளை வேட்டி கட்டி... போனிலை கதைக்கிறதுக்கு ஆர் இப்பிடி வெளிக்கிட்டு வாறது? உங்கடை மனிசிக்கு முகம் தெரியப்போறதே?

— கிடக்கட்டும்.

— உந்தக் 'கிடக்கட்டும்' ஒண்டு! மானிப்பாய் பஸ் ஸ்ராண்டிலை படுக்கிற ஆளுக்கு உந்த வேட்டி எங்காலை வந்தது?

— தேத்தண்ணிக் கடைக்காரன்ரை. இரவல்.

— என்ன விசேசம் எண்டு கேட்டிருப்பாரே.

— கேட்டவன். நான் சொல்லேல்லை.

— சொல்லியிருக்கலாம், ஊருக்கே சந்தோசம்தானே. எத்தினை வரியமாச்சு வீட்டை விட்டு வந்து?

— ஏழு. குடிச்சுப்போட்டுச் சண்டை பிடிச்சு வெளிக்கிட்டது. குடியை விட்டு ஒண்டரை வரியம். விட்டாப்போலை போகலாம்தானே எண்டு நீங்கள் கேப்பியள். கால் வரேல்லை.

— அவையும் ஒருக்காலும் உங்களுக்கு எடுக்கேல்லையோ?

— எந்த நம்பருக்கு எடுக்கிறது? முதல் போன் படுத்துக் கிடக்கேக்கை களவு போச்சு. ரண்டாவது மழையிலை நனைஞ்சு செத்துது. மூண்டாவதுக்கு ரீலோட் போடாமல் விட, நம்பரை வெட்டி ஆரோ மாத்தறைக்காரனுக்குக் குடுத்திட்டாங்கள். மகள் தன்ரை பிறந்தநாளுக்கு எடுத்தவளாம். ஒருத்தன் சிங்களத்திலை கதைச்சானாம். அப்பா செத்துப்போனார் எண்டு நினைச்சு அண்டைக்குச் சாப்பிடேல்லையாம்.

— உதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொன்னது?

— மனிசி கௌரிதான். மூண்டு மாதத்துக்கு முன்னம் பஸ் ஸ்ராண்டிலை கண்டனான். கிளினிக்குக்கு வந்தவள். நல்லா மெலிஞ்சு போனாள், முதல் எனக்கு ஆளை மட்டுக்கட்டேலாமல் போச்சு. இந்த நம்பர் எழுதின துண்டைக் குடுத்தன். இதுக்கு எடுத்தால் ஒரு பிள்ளை எழுதி வைச்சு என்னட்டைத் தரும் எண்டு சொன்னன்.

— அவ என்ன சொன்னவ?

— துண்டை மடிச்சுக் கைப்பைக்குள்ளை வைச்சவள்.

— வைச்சதாலைதான் இண்டைக்குப் பலன் கிடைச்சிருக்கு. நேற்று அவவின்ரை தம்பி எடுத்த உடனை எனக்கு எவ்வளவு சந்தோசம், கடவுளாணை! இந்த நம்பருக்கு வாறதெல்லாம் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கோ, அரசாங்கக் கச்சேரிக்கு வரச் சொல்லுங்கோ, கையெழுத்து வைக்க வரச் சொல்லுங்கோ. ஒரு வீட்டிலையிருந்து ஒரு மனிசரைத் தேடி வந்தது இதுதான் முதல்தரம்.

— அவன் சொன்னதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ.

— எத்தினை தரம் அண்ணை? சரி, கொப்பியிலை கிடக்கிறதை வாசிக்கிறன். சொன்னதை ஒரு சொல்லும் மாத்தாமல்தானே நாங்கள் எழுதிறது. 'மயிலிட்டியிலையிருந்து கௌரியக்கான்ரை தம்பி. தில்லையத்தானிட்டைச் சொல்லுங்கோ, நாளைக்கு ரண்டு மணிக்கு எடுக்கினம்.' அதோடை ஒரே இரைச்சல், லைன் வெட்டுப்பட்டுப் போச்சு.

— ம்.

— இப்ப ரண்டு பத்து.

— உந்த மணிக்கூடு முந்தி ஓடுது.

— போனிலையும் ரண்டு பத்துத்தான்.

— சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் எடுக்கமாட்டினம் தங்கச்சி. கொஞ்சம் பிந்தும்.

— அப்ப நான் எடுத்துப் பாக்கட்டோ? நேற்று வந்த நம்பர் கிடக்கு.

— வேண்டாம்.

— ஏன்?

— அவையாய் எடுக்கட்டும். அதுமட்டும் இதிலை இருக்கிறன். உங்களுக்கு இடைஞ்சலோ?

— எனக்கென்ன இடைஞ்சல்? இந்தாங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது. காலமை சாப்பிட்டனீங்களோ?

— கிடக்கட்டும்.

— சரி, இருப்பம்.

— தங்கச்சி.

— என்ன?

— இப்ப என்ன நேரம்?

— ரண்டு நாப்பது. தேத்தண்ணியும் பச்சைத்தண்ணியாப் போச்சு. இனி நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன். எடுக்கப்போறன்.

— வேண்டாம். இன்னும் அஞ்சு நிமிசம்.

— அரை மணித்தியாலமா உதைத்தான் சொல்லுறியள். ஏழு வரியம் ரோசம் பாத்தது காணாதோ? கையை எடுங்கோ அண்ணை. மணி போகுது. ஸ்பீக்கரிலை போடுறன், நீங்களும் கேளுங்கோ... ஹலோ?

— ஹலோ, ஆர்?

— மானிப்பாயிலையிருந்து கதைக்கிறன், தில்லைநாதன்ரை மெசேஜ் எழுதி வைக்கிற இடம். நீங்கள் ஆர் பிள்ளை?

— சாருஜா. அவற்றை மகள்.

— அண்ணை, உங்கடை மகள்! சாருஜா, நேற்று மாமா ரண்டு மணிக்கு எடுக்கினம் எண்டு சொன்னவர். நாங்களும் பாத்துக்கொண்டே இருக்கிறம்.

— எடுத்தாச்சு அக்கா. ரண்டு மணிக்கெண்டதை நான்தான் கெஞ்சி மன்றாடி ரண்டே கால் மட்டும் மறிச்சனான்.

— இஞ்சை ஒரு கோலும் வரேல்லையே பிள்ளை.

— என்ன கோல்?

— நீங்கள் எடுத்த கோல்.

— என்னக்கா கதைக்கிறியள்? அம்மாவை எடுத்ததைச் சொல்லுறன். அம்மான்ரை பிரேதத்தை. ஆம்பிளையள் எல்லாரும் சுடலைக்குப் போட்டினம்.

— ஐயோ.

— அக்கா?

— ஐயோ பிள்ளை, நான் கோல் எண்டு நினைச்சன். விடிஞ்சால் பொழுதுபட்டால் இதிலை இருந்து எடுங்கோ, எடுக்கிறம், எடுத்தவை எண்டு உதைத்தானே கேக்கிறது. செத்தவீட்டிலையும் எடுக்கிறது எண்டுதான் சொல்லுவினம் எண்டு என்ரை மூளைக்கு எட்டேல்லையே!

— அம்மா முந்தநாள் விடியப்புறம் மோசம் போட்டா. மாமா அப்பவே எடுத்தவர், ஆரும் தூக்கேல்லை.

— ஞாயிற்றுக்கிழமை பூட்டு பிள்ளை.

— பிறகு மானிப்பாய் பஸ் கொண்டக்டரிட்டைச் சொல்லிவிட்டவர். விசயம் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் நேற்று நேரத்தை மட்டும் சொன்னவர்.

— அண்ணை, கொண்டக்டர் ஒருத்தரும் வந்து சொல்லேல்லையோ? எழும்புங்கோ, நான் ஓட்டோ பிடிக்கிறன்...

— இனி வந்து சரிவராது அக்கா. சுடலை கிட்டத்தான், நெருப்பு வைச்சிருப்பினம். ஆம்பிளைப்பிள்ளை இல்லாத வீடு, அப்பாதான் கொள்ளி வைக்கோணும் எண்டு நான் ஒற்றைக்காலிலை நிண்டனான். கடைசியிலை மாமாவைக் கூட்டிக்கொண்டு போட்டினம். அக்கா, ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அப்பாவுக்கு இது தெரியாதோ?

— தெரியாது பிள்ளை, கடவுளாணைத் தெரியாது. முழுக்க என்ரை பிழை. உங்கடை கோல் வரும் எண்டு பன்னிரண்டு மணியிலையிருந்து இதிலை குந்திக்கொண்டிருக்கிறார்.

— அப்ப வேணுமெண்டு வராமல் விடேல்லை.

— இல்லை, இல்லை.

— எங்கையும் குடிச்சுப்போட்டுக் கிடப்பான் எண்டு சனம் கதைச்சது. நானும் அம்மாவுக்கு மேலை விழுந்து கிடந்து அவரைத்தான் திட்டினனான். தெரியாமல்தான் வரேல்லையெண்டால் எனக்கு அது காணும் அக்கா. அவரிட்டைக் குடுங்கோ.

— இந்தாங்கோ அண்ணை. ஒரு சொல்லெண்டாலும் கதையுங்கோ.

— அப்பா?

— ஓம் பிள்ளை.

— உங்களுக்குத் தெரியாதோ அப்பா?

— தெரியாது பிள்ளை.

— சரி. அழாதேங்கோ. நாளைக்குக் காலமை காடாத்து. அம்மான்ரை சாம்பலையெண்டாலும் நீங்கள் அள்ளுங்கோ. வருவியளோ?

— வாறன்.

— கட்டாயம் வாங்கோ அப்பா. வைக்கிறன்.

— அண்ணை, உங்கடை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடக்கு. நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை, ஏதாவது சொல்லுங்கோ. நான் இனி இந்தக் கதிரையிலை இருக்கமாட்டன். இந்தக் கொப்பியை இண்டைக்கே ஆரிட்டையெண்டாலும் குடுத்திட்டுப் போறன். உங்களுக்குச் செய்ததை மிச்ச நாப்பது பேருக்கும் செய்யமாட்டன் எண்டு என்ன நிச்சயம்?

— இருங்கோ தங்கச்சி. உங்களிலை ஒரு பிழையும் இல்லை.

— பின்னை ஆற்றை பிழை?

— கொண்டக்டர் வந்து சொல்லேல்லை, ஆனால் நேற்று நீங்கள் அதைச் சொன்ன உடனையே கௌரியைத்தான் எடுக்கினம் எண்டு எனக்கு விளங்கினது. இண்டைக்கு மயிலிட்டிக்கெண்டுதான் வெளிக்கிட்டனான், பஸ்ஸிலை ஏற ஏலேல்லை. நீங்கள் கோல் வரும் எண்டியள். அவள்தான் எடுப்பாள் எண்டு நானும் வந்து இருந்திட்டன்.