ஆண்டிச்சி பங்கு

அது ஒரு காலம். இந்த முள்ளியேந்தல் கம்மாய்க்கு இம்புட்டு ஒசரக் கரை இல்லாத காலம். மழை பேஞ்சா சோறு, பேயாட்டி ஊர விட்டுப் போகணும். அப்ப இங்க ஆண்டிச்சின்னு ஒரு பொம்பள இருந்தாளாம். புருசன் இல்ல. பெத்த புள்ளைக ரெண்டையும் ஒரு பஞ்சத்துல வாரிக் குடுத்துட்டா. கம்மாய்க்குக் கடைசியில ஒரு துண்டு வயலு, அதுதான் அவளுக்குன்னு இருந்தது.

கடைசி வயலுக்குக் கடைசித் தண்ணி. ஊரு மொறை அது. எல்லாரும் பாச்சி முடிச்சப்பறம் கம்மாய்ப் பள்ளத்துல மிஞ்சிக் கெடக்குறது அவ பங்கு.

ஒரு வருசம் மழை பாதியில நின்னு போச்சு. மத்தவுக வெள்ளாமை எப்படியோ தப்பிச்சிருச்சு. ஆண்டிச்சி பயிரு மட்டும் பொதி கட்டி, கதிரு வெளிய வர்ற நேரத்துல தண்ணிக்கு நிக்குது. பள்ளத்துல முழங்காத் தண்ணி கெடக்கு. அந்தத் தண்ணிக்குள்ள நிக்கிற கருவேல மரத்துல பூராம் கூடு. நாரைங்குறாக, கூழைக்கடாங்குறாக, எங்கிருந்தோ வந்து குஞ்சு பொரிச்சிருக்கு. றெக்க மொளைக்காத குஞ்சுக. தண்ணி நிக்கிற வரைக்குந்தான் நரி அண்டாது, காட்டுப்பூனை மரமேறாது.

மடையத் தொறக்கப் போனவ தொறக்கல. மடைக்கல்லுல உக்காந்துட்டா. தாய்ப்பறவை எறங்குனா அம்புட்டுக் குஞ்சும் வாயப் பொளக்குது. பாக்குறா, பாக்குறா, பாத்துக்கிட்டே இருக்குறா.

அவ கொழுந்தன் சேவுகன் மம்பட்டியோட வந்தானாம்.

"என்ன மதினி, உக்காந்திருக்கீக? பயிரு சுருளுது."

"தெரியும்யா."

"பெறகென்ன? எந்திரிங்க, நான் தொறக்குறேன்."

"வேணாம் சேவுகா. தண்ணி வத்துனா அதுகள நரி விடாது."

"பறவைக்காக வயலக் காய விடுவாகளா? வருசம் பூராம் என்னத்தத் திம்பீக?"

அவ சத்தம் போடல. சத்தம் போடவும் தெம்பு வேணுமுல்ல. முழங்கால்ல தாடைய வச்சுக்கிட்டே சொன்னாளாம்: "வாயத் தொறந்துக்கிட்டுப் பசியில சாகுறத நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்யா. இன்னொருக்கப் பாக்க என்னால முடியாது. என் பங்குதான? கெடந்துட்டுப் போகட்டும்."

சேவுகன் மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிட்டான்.

பயிரு சருகாப் போச்சு. ஒரு மணி நெல்லு தேறல. அறுத்துக் கொழுந்தன் மாட்டுக்குப் போட்டா. மரத்துல குஞ்சுக வளந்துச்சு, றெக்க தட்டுச்சு, ஒண்ணொண்ணாப் பறந்துச்சு. கூடெல்லாம் காலியானப்பறம் வீட்டச் சாத்திக்கிட்டுக் கடலோரத்து உப்பளத்துக்குக் கூலிக்குப் போயிட்டாளாம். ஊருல யாரும் தடுக்கல. "கிறுக்கி"ன்னுதான் சொன்னாக.

சேவுகனுக்குத்தான் மனசு ஆறல. அடுத்து நல்ல மழை பேஞ்ச வருசம், மரம் தாங்காம பறவை எறங்குச்சு. அதப் பாத்தவன் அன்னைக்கே கெளம்பி உப்பளத்துக்குப் போனான். காலெல்லாம் உப்பு தின்னு வெடிச்சுப் போயி நின்னாளாம் ஆண்டிச்சி.

"வாங்க மதினி, போவம். அதுக எல்லாம் வந்துருச்சு."

"வந்துருச்சா"ன்னாளாம். அம்புட்டுத்தான். அவன் வண்டியில ஏறிப் படுத்தவ, ஊரு வர்ற வரைக்கும் தூங்குனாளாம்.

கிறுக்கின்னு சொன்ன ஊரு, வந்து எறங்குன பறவையப் பாத்துட்டுக் கூடிக் கேட்டுச்சு: "ஒனக்கு என்னத்தா வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தக் கடைசித் தண்ணிய மட்டும் தொடாதீக."

அன்னையிலருந்து அந்தப் பள்ளத்துக்கு ஆண்டிச்சி பங்குன்னு பேரு. இப்ப பைனாகுலரோட வாறவுக எங்க நின்னா பறவை நல்லாத் தெரியும்னு கேட்டா, அந்தப் பக்கந்தான் கையக் காட்டுறோம். குஞ்சு பறக்குற வரைக்கும் அந்தத் தண்ணியில யாரும் கை வைக்கிறதில்ல. மழை இல்லாத வருசம் பயிரு கண்ணு முன்னால வாடும், வயிறு எரியும். வாயில வந்ததச் சொல்லித் திட்டுவோம், ஆண்டிச்சியையுஞ் சேத்துத்தான். திட்டிட்டு, மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம்.